என் பெயரில், என் குதிரைக்கு எதிராக

மார்ச் 9, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், என் மகள் க்ளெனிஸ், அவள் புருஷன் ட்ரெவர், எதிர்வீட்டு ஹில்டா. வேறு ஈ காக்கை இல்லை. பின்னால் யாரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கூடாது பாருங்கள், அதற்குத்தான் எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை புதுத் தொழில் பிடித்திருக்கிறார். போனிலேயே நடக்குமாம்.

"குதிரை ஜெயிக்கும்னு கட்டுறது ஊர்ல எல்லாரும் பண்றதுதான் அத்தை. நான் ஜெயிக்காதுன்னு கட்டுறேன்."

"யாருகிட்ட?"

"எங்கேயோ ஒருத்தன், அது ஜெயிக்கும்னு நம்புறவன். போன்ல இருக்கிற பந்தயத் தளம் எங்க ரெண்டு பேரையும் கோத்துவிடும். ஜெயிச்சவன்கிட்ட கமிஷன் எடுத்துக்கும், அவ்வளவுதான். பந்தயக் கடைக்காரனே கிடையாது. நான்தான் கடைக்காரன்!"

"குதிரை தோத்தா?"

"அவனோட பத்து பவுண்ட் எனக்கு."

"ஜெயிச்சா?"

மாப்பிள்ளை உருளைக்கிழங்கைப் பார்த்தார். "விலை ஒண்ணுக்குப் பத்துன்னா, அவனோட பத்து போக... நான் தொண்ணூறு குடுக்கணும். அதை முன்னாடியே பூட்டி வெச்சிடுவாங்க."

பத்தைப் பிடிக்கத் தொண்ணூறைப் பூட்டி வைக்கிற புத்திசாலி! எங்கப்பா கூலியைக் கொண்டுபோய்ப் பந்தயக் கடையில் கொட்டினார். என் மகள் கடைக்காரனையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

போன வருஷம் அவள் போட்ட கூச்சலில், எந்தச் சூதாட்டத் தளமும் தன்னைச் சேர்க்கக் கூடாது என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே கணக்கு என் பெயரில் வேண்டுமாம்.

"குடேன்மா," என்றாள் க்ளெனிஸ். "ஒழுகுற கூரையை அவரு சரி பண்ணித் தருவாரு."

சரி என்றேன். ஒரே நிபந்தனை: டாம்சன்மேல் கை வைக்கக் கூடாது. டாம்சன் எங்கள் குதிரை. எனக்கும் ஹில்டாவுக்கும் சர்ச்சுப் பெண்கள் சிலருக்கும் பங்கு. சொந்தக்காரி தன் குதிரை தோற்கும் என்று கட்டினால் பந்தய உலகத்தைவிட்டே துரத்துவார்கள். ஹில்டாவின் பூனைக்குக்கூட இது தெரியும். பதினோரு தடவை ஓடி ஒரு தடவையும் ஜெயிக்காத குதிரைதான். இருக்கட்டும். ஜெயித்த குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரியாக, ஒரே ஒரு நாள் நான் நிற்க வேண்டும். எனக்கு இந்த வயதில் வேறு ஆசை கிடையாது.

"சத்தியமா தொட மாட்டேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. க்ளெனிஸும் தலையாட்டினாள். பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "தோக்குற குதிரையக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம் அத்தை. ஒண்ணைத் தவிர எல்லாமே தோக்கும்!"

"அந்த ஒண்ணுதானே மாப்ளே உங்க வீட்டைத் தேடி வரும்?"



ஏப்ரல் 14, திங்கள்

கூரை இன்னும் ஒழுகுகிறது.

மே 3, சனி

டாம்சன் ஜெயித்தாள்! தர்ஸ்க் மைதானத்தில், கடைசி வளைவில் எல்லாக் குதிரையையும் ஓரம் தள்ளிவிட்டு — என் டாம்சன்! ஹில்டா தொப்பியைத் தொலைத்தாள். நான் கடிவாளத்தைப் பிடித்தேன், படம் எடுத்தார்கள். குதிரை என் கோட்டில் எச்சில் ஒழுக்கியது. அதைக் கழுவ மாட்டேன்.

க்ளெனிஸ் முகம் மட்டும் வெந்த முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. வயிறு சரியில்லையாம்.

மே 19, திங்கள்

பந்தய ஆணையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மரியாதையான பெண். தேநீர் வேண்டாம் என்றாள். அப்போதே எனக்குத் திக்கென்றது.

"மிசஸ் ஓல்ட்ராய்ட், டாம்சன் ஜெயிச்ச அன்னிக்குக் காலைல, அது தோக்கும்னு உங்க கணக்கிலேர்ந்து கட்டியிருக்கு. இருபது பவுண்ட் வாங்கறதுக்காக இருநூத்தி எண்பது பூட்டியிருக்கு. போயிடுச்சு."

அவள் போனதும் ட்ரெவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது!

"டேய், சத்தியம் பண்ணினியேடா!"

"நான் இல்ல அத்தை! அன்னிக்குக் காலைல வேலிச் செடி வெட்டிக்கிட்டிருந்தேன். போனு மேஜை மேல கிடந்துச்சு..."

பின்னாலேயே க்ளெனிஸ் வந்தாள்.

"நான்தாம்மா அமுக்கினேன். பதினோரு தடவை தோத்த குதிரை! அதுக்கு இருக்கிறது குதிரைக் கால் இல்ல, நாற்காலிக் காலுன்னு நீயே சொல்லுவியே. சும்மா வர்ற இருபது பவுண்டுதானேன்னு நெனச்சேன்."

"சொந்தக்காரி கட்டக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"உன் பங்கு ஒரு குளம்பளவு இருக்குமா? அதையெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க?"

பார்த்தார்கள். நான் கட்டவில்லை என்று ஆணையத்திடம் தொண்டை கிழியச் சொன்னேன். கணக்கு யார் பெயரில்? என் பெயரில்.

ஜூன் 21, சனி

ஆணையம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, குதிரையில் என் பங்கு போயிற்று. சொந்தக்காரர்கள் நிற்கிற இடத்துக்குள் இனி என் கால் படக் கூடாது.

இன்று டாம்சன் மறுபடி ஓடினாள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வேலிக்கு வெளியே, பீர் குடித்துக் கத்துகிற பயல்களோடு நின்றேன். மறுபடி ஜெயித்தாள். ஹில்டா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

ஆணையத்துப் பெண்மேலும் கோபமில்லை. சம்பளம் வாங்குகிறாள், வேலையைச் செய்தாள். ட்ரெவர் முட்டாள். முட்டாள்களை மன்னிக்காவிட்டால் சர்ச்சில் யாரோடு பேசுவது? அவனை மன்னித்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடட்டும், தனியாக.

நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். நான் பெற்றவள். க்ளெனிஸ்.