லாபியில் வைத்த கால்

அடேய் அம்பயரு,

இன்று காலை செவிலிமேட்டுத் திடலில் கபடிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் பறந்து மூக்கில் ஏறியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நீ செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த வாசனைக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, உன்மேல் கோபம்தான்.

பிள்ளையார்பாளையத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே வயசு. ஆட்டத்தில் நான் பாடிப் போகிறவன், நீ விசில் ஊதுகிறவன். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் வேலை எனக்கு. கையில் எப்போதும் அரக்குச் சிவப்பு ஏறியிருக்கும். வியர்த்தால் கசிந்து, தொட்டவன் உடம்பில் தீற்றலாக ஒட்டும். மற்ற அம்பயர்கள் என் வாயைப் பார்ப்பார்கள். நீ எதிராளியின் காலைப் பார்ப்பாய். "உன் கையே சாட்சிடா, வாயைத் தொறக்காத" என்பாய்.

பல வருஷத்துக்கு முந்தைய அந்த இறுதி ஆட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி ரெய்டு என்னுடையது. ஓரத்தில் நின்றவன் பாய்ந்தான். நான் விலகி, கோட்டைத் தாண்டி, ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்து, நடுக்கோட்டுக்கு ஓடிவந்து கையைத் தூக்கினேன். எதிராளியைத் தொட்டிருந்தால் லாபியில் கால் வைக்கலாம். தொடாமல் வைத்தால் அவுட். நீ குனிந்து அவன் காலை முழங்காலிலிருந்து பாதம்வரை பார்த்தாய். விசில் ஊதினாய்.

"அவுட்டு. தொடலை."

"எங்கம்மா மேல சத்தியமா தொட்டேன்டா!"

"சாயம் எங்கடா இருக்குது? அவன் காலு சுத்தமா இருக்குது பாரு."

கூட்டம் சிரித்தது. உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அசையவில்லை. "அடிச்சாலும் அவுட்டுதாம்பா" என்றாய். குத்தினேன். உன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. நீ விழுந்ததும் எங்கள் டீமே சேர்ந்து மிதித்தது. நான் உன் காதின்மேல் உதைத்தேன், ஒரு தடவை இல்லை. உன் முகத்தில் எது சாயம், எது ரத்தம் என்று எனக்கே தெரியவில்லை. "செத்துடப் போறான், வுடுங்கடா!" என்று யாரோ கத்தித்தான் நிறுத்தினேன்.

உன் இடது காது கேட்காமல் போயிற்று. பிறகு தெருவில் உன்னைப் பார்த்தால் நான் உன் இடது பக்கமாகவே கடந்து போனேன்.

ஆஸ்பத்திரியில் ஏட்டு விசாரிக்க வந்தபோது கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். "முதல்ல அடிச்சது யாரு?" என்றார். தாடைக் கட்டோடு நீ முனகினாய்: "கூட்டத்துல சரியா பார்க்கல சார்." விரல் நுனி பட்டதையே பத்தடி தள்ளி நின்று பார்ப்பவன் நீ! எனக்குத் தெரிந்து நீ கொடுத்த ஒரே பொய்த் தீர்ப்பு அது. எவன்டா கேட்டான் உன்னை?

அதன்பின் உன்னை யாரும் விசில் ஊதக் கூப்பிடவில்லை. "அன்னிக்கு அவன் தப்பா குடுத்துட்டாம்பா" என்று தெருவே பேசியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தொடவில்லைடா. அவன் காலுக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அப்போதே எனக்குத் தெரியும்.

உன் காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சரியாத்தான் குடுத்தேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாருண்ணா. நீங்களே சொல்லுங்க, தொட்டீங்களா?"

"தொட்டேம்மா" என்றேன்.

செத்த உன்னை மறுபடியும் மிதித்தேன். அவள் உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.