தண்ணிக்குள்ளை இறங்க முதல்

வோபர்ன்,
ஒக்ரோபர் 3

என்ரை அட்சயாக் குஞ்சுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமா இரு எண்டு எழுதத்தான் கை போகுது. ஆனால் சுகமில்லை பிள்ளை. நேற்று நீ மனுசனோடை ஸ்பாவுக்குப் போறன் எண்டு போனிலை சொன்ன நேரம் தொட்டு எனக்கு நித்திரையில்லை. மிதுனன் கார் ஓடிக்கொண்டிருந்தவர், ஸ்பீக்கரிலை எல்லாம் கேக்கும் எண்டபடியால் ஆ, நல்லம், சந்தோஷமாப் போட்டு வாங்கோ எண்டு சிரிச்சுப்போட்டு வைச்சிட்டன். அதுதான் இதை உன்ரை ஒபீஸ் ஈமெயிலுக்கு அனுப்புறன். வாசிச்சவுடனை அழிச்சுப்போடு. நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலை படிச்ச தமிழ், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பெரிய எழுத்திலை அடிச்சிருக்கிறன்.

கலியாணமாகி ஒரு வருஷம் முடியுது எண்டு மிதுனன் ஆசையாத்தான் புக் பண்ணியிருக்கிறார், குறை சொல்லேல்லை. நானும் அந்த இடத்தை ஐபாட்டிலை போட்டுப் பார்த்தனான். அங்கை கொட்ஸ்வோல்ட் எண்ட நாட்டுப்புறத்திலை ஏதோ பிரபு குடும்பம் இருந்த மாளிகையாம், இப்ப ஹொட்டேலும் ஸ்பாவுமாம். வாசலிலை மான் மேயுது. சனம் வெள்ளைத் துவாய் உடுப்போடை கண்ணிலை வெள்ளரிக்காய் வைச்சுக்கொண்டு படுத்திருக்கு. அப்பா எட்டிப் பார்த்திட்டு, உந்த வெள்ளரிக்காயிலை எங்களுக்கு ரெண்டு நாளைக்குச் சம்பல் போடலாம் எண்டார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. அடுத்த படம் தண்ணி. அதுக்கடுத்த படமும் தண்ணி. சுடுதண்ணித் தொட்டி, ஆவி அறை, பிறகு ஐஸ் தண்ணிக்குள்ளை குதிக்கிறதுக்குக் கிணறு மாதிரி ஒண்டு. படுக்கிற அறைக்குள்ளையும் யன்னலோரம் ஒரு பெரிய செம்புத் தொட்டி. போதாக்குறைக்கு, வாற ஆக்களின்ரை போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைப்பினமாம். மனம் ஆறுறதுக்காம். ஆருக்கு ஆறுது?

உனக்கு வலிப்பு இருக்கிறது அந்த மனுசனுக்குத் தெரியாது. ஆசைப்பட்டு உன்னை எந்தத் தண்ணிக்குள்ளையும் இறக்குவார். நாலு வருஷமா ஒண்டும் வரேல்லைத்தான், ஓம். ஆனால் கடைசியா வந்தது எங்கை? எங்கடை வீட்டு பாத்டப்பிலை. நான் குசினியிலை நிண்டனான், தண்ணிச் சத்தம் ஒரு மாதிரி மாறினது கேட்டு ஓடிவந்தன். கதவை இடிச்ச தோள் இப்பவும் குளிருக்கு நோகுது. ரெண்டு நிமிஷம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டதை நான் எழுதமாட்டன்.

ஸ்பாக்காரர் அனுப்பின ஃபோமை மிதுனன்தான் நிரப்பினவர், எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டாச்சு எண்டு நீ சொன்னாய். அதுக்குள்ளை வலிப்பு இருக்கோ எண்டும் கேட்டிருப்பினம். அவர் வாசிக்க, நீ பக்கத்திலை இருந்து அதுக்கும் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பாய். வேறை என்னத்தைச் சொல்லுறது.

ஆனால் போன் வைச்ச பிறகு ஒரு மெசேஜ் போட்டியே, அங்கை வைச்சு ஆறுதலா எல்லாத்தையும் அவருக்குச் சொல்லப்போறன் எண்டு. விசர்க்கதை கதைக்காதை. இஞ்சை மார்க்கம் ரவுணிலை உனக்கு முதல் பேசின அந்தச் சம்பந்தம் என்ன மாதிரி முறிஞ்சது? உண்மையைத்தான் சொன்னம். அடுத்த நாள் தொடக்கம் பெடியன்ரை தாய் போனே எடுக்கேல்லை. ஒரு கிழமைக்குள்ளை றிச்மண்ட் ஹில் கோயிலிலை கண்ட சனமெல்லாம் பிள்ளைக்கு இப்ப எப்பிடி எண்டு என்னை விசாரிச்சது. பிரசாதத்தோடை விசாரிச்சது. அதை ரெண்டாந்தரம் தாங்க எனக்குச் சீவனில்லை. நீ சொன்னால் நான் செத்துப்போவன், பார்.

ஆனபடியால் அம்மா சொல்லுறதைக் கேள். வெளிக்கிட முதல் ஒபீஸ் மேசை லாச்சியிலை இருக்கிற வலிப்புக் குளிசையை மறக்காமல் எடு. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, கதவைச் சாத்திப்போட்டுப் போடு. தண்ணிக்குள்ளை வரச்சொல்லிக் கேட்டால் மாதச் சுகமில்லை எண்டு சொல்லு. ஆம்பிளையள் அதுக்கு மேலை ஒண்டும் கேக்கமாட்டினம். ஆவி அறைக்குள்ளை போகாதை. வைன் தொடாதை. நித்திரை முழிக்காதை.

அப்பாவின்ரை வேலையைத் தூரத்துப் பிறம்ரனிலை இருக்கிற வெயார்ஹவுசுக்கு மாத்திப்போட்டாங்கள், காலமை நாலு மணிக்கு எழும்பி ஓடுறார். இஞ்சை இப்பவே ஹீற்றர் போட்டாச்சு. உனக்கு நேர்ந்து வைச்ச தேங்காய் ஒம்பது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் உடைக்கப்போறன்.

நீ திரும்பி வந்திட்டன் எண்டு சொல்லுமட்டும் எனக்குச் சோறு இறங்காது. சொல்லுக் கேள் குஞ்சு.

உன்ரை
அம்மா


வோபர்ன்,
ஒக்ரோபர் 16, வியாழன்
காலமை பதினொண்டேகால். உங்களுக்குப் பின்னேரம் நாலேகால்.

அன்புள்ள மருமகன் மிதுனனுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கடை கையிலை தாற பிள்ளைக்குப் பேர் றெபேக்கா. ஹொட்டேல் வாசல் மேசையிலை வேலை செய்யிறவ. எங்களுக்கு இஞ்சை ஒண்டுமில்லை, மாமாவும் நானும் நல்லா இருக்கிறம், அதாலை முதலிலை பயப்பிடாதேங்கோ. ஆனால் இதை வாசிச்சு முடியுமட்டும் ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளை இறங்கவேண்டாம். ஆறு மணிக்கு ஸ்பாவிலை உங்களுக்கு நேரம் குடுத்திருக்கெண்டு அட்சயா சொன்னவள். தம்பி, உங்கடை காலைப் பிடிக்கிறன், இறங்கவேண்டாம்.

அட்சயாவுக்கு வலிப்பு இருக்கு. பதினாறு வயசிலை வந்தது. பதினொரு வருஷமா ஒவ்வொரு நாளும் ரெண்டு குளிசை போடுறாள். கலியாணம் பேசேக்கை நாங்கள் உங்களுக்கு இதைச் சொல்லேல்லை.

எழுதிப்போட்டன். ஐபாட்டிலை எழுத்துப் பிழைச்சுப் பிழைச்சு வருது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ. நீங்கள் பதினாலு வயசு மட்டும் கொக்குவிலிலை படிச்சனீங்கள், என்ரை தமிழ் உங்களுக்கு விளங்கும்.

இண்டைக்கு ஏன் எழுதுறன் எண்டால், குளிசை அவளிட்டை இல்லை. நீங்கள் காணக்கூடாது எண்டு அதை அவள் ஒபீஸ் லாச்சியிலைதான் வைச்சிருக்கிறவள். வீட்டுக்குத் தேவையான அளவை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு வாறவள், நேற்றுப் பின்னேரம் மறதியிலை எல்லாத்தையும் பூட்டிப்போட்டு வந்திட்டாள். இண்டைக்கு வீட்டிலை இருந்து வேலை எண்டபடியால், மத்தியானம் ஏதாவது சாட்டுச் சொல்லிப் போய் எடுப்பம் எண்டு இருந்திருக்கிறாள். நீங்கள் பத்து மணிக்கு அவளின்ரை உடுப்பெல்லாம் நீங்களே அடுக்கிப் பெட்டியும் கையுமா வந்து நிண்டு, ஒரு நாள் முன்னுக்கே போறம் எண்டிட்டீங்களாம். எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் அப்பிடி ஒரு புருஷன்! வழியிலை பெற்றோல் அடிக்க நிப்பாட்டின இடத்திலை, ரொயிலெற்றுக்குள்ளை நிண்டு எனக்குப் போன் எடுத்தவள். மூண்டு நாள்தானே அம்மா, ஒண்டும் வராது எண்டவள். நான் அதுக்கும், சரி, ஒண்டும் வராது, அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டுதான் சொன்னனான். பிறகு போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ளை கனநேரமா நிண்டு யோசிச்சன், நான் ஒரு தாயோ எண்டு.

திருப்பி எடுத்தன். ரெண்டு பேற்றை போனும் நிப்பாட்டிக் கிடக்கு. ஹொட்டேலுக்கு எடுத்தன். அப்பிடி ஆக்கள் இஞ்சை நிக்கினமோ எண்டுகூடச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை, ஆனால் கடிதம் தந்தால் சேர்க்கலாம் எண்டு றெபேக்கா சொன்னா. என்ரை மகளைத் தண்ணிக்குள்ளை விடாதேங்கோ எண்டன். ஏன் எண்டு கேட்டா. அழுதன். கடைசியா எப்பிலெப்ஸி எண்டு சொன்னன். பதினொரு வருஷத்திலை அந்தச் சொல்லை நான் டொக்டர்மாரையும், முந்திச் சம்பந்தம் பேசின மார்க்கத்து ஆக்களையும் தவிர ஒருத்தருக்கும் சொன்னதில்லை. கண்ணாலை காணாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு நிமிஷத்திலை சொன்னதை, என்ரை கையாலை சோறு திண்ட உங்களுக்கு ஒரு வருஷமாச் சொல்லேல்லை. வெக்கமாக் கிடக்கு தம்பி.

அதைக் கேட்ட உடனை றெபேக்கா உங்கடை அறைக்குப் போன் போட்டுப் பார்த்தவ, ஒருத்தரும் எடுக்கேல்லை. உலாத்தப் போட்டீங்கள் போலை. ஸ்பாவிலை சொல்லாமல் விட ஏலாது, அது தன்ரை கடமை எண்டா. சரி எண்டன். ஆனால் ஸ்பா வாசலிலை நாலு பேருக்கு முன்னாலை ஆரோ கேட்டு நீங்கள் அறியக்கூடாது, என்னாலைதான் அறியவேணும், அரை மணித்தியாலம் தாங்கோ எழுதித்தாறன் எண்டு கெஞ்சினன். நீங்கள் உள்ளுக்கை வரேக்கை தானே அச்சடிச்சுக் கொண்டுவந்து தாறன் எண்டவ. தங்கமான பிள்ளை.

இப்ப வடிவா வாசியுங்கோ. வந்தால் முதலிலை பேச்சு நிக்கும். பார்த்தபடி நிப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். உடனை நிலத்திலை கிடத்துங்கோ, தலைக்குக் கீழை ஏதாவது மெத்தெண்டு வையுங்கோ, ஒரு பக்கமாச் சரியுங்கோ. அமத்திப் பிடிக்கவேண்டாம். எங்கடை ஆக்கள் செய்யிறமாதிரிக் கையிலை இரும்பெண்டு கதவுத் திறப்புக் குடுக்கவேண்டாம், வாய்க்குள்ளை ஒண்டும் வைக்கவேண்டாம். முதல்முறை வந்தநேரம் நான் விசரி, திறப்புக்கொத்தையும் குடுத்து, வாய்க்குள்ளை கரண்டியையும் திணிச்சுப்போட்டன். அவளின்ரை முன்பல்லிலை ஒரு துண்டு இல்லை, அது சைக்கிளாலை விழுந்தது எண்டு உங்களுக்குச் சொன்னம். இல்லை. அது என்ரை கரண்டி. அஞ்சு நிமிஷத்துக்கு மேலை போனால் அம்புலன்சுக்கு அடியுங்கோ. குளிக்கிற அறைக்குப் போனால் கதவைப் பூட்டவிடாதேங்கோ. இஞ்சை விட்டிட்டுப் போன பழைய குளிசைப் போத்தல் ஒண்டு இருந்தது, அதின்ரை படத்தையும் றெபேக்காவுக்கு அனுப்பியிருக்கிறன். பக்கத்து ஊர் பாமசி ஆறரைக்குப் பூட்டுமாம். முதலிலை அங்கை ஓடுங்கோ, என்னோடை கோவிக்கிறதைப் பிறகு கோவிக்கலாம்.

கார் ஓடப் பயந்தாங்கொள்ளி எண்டு அவளைப் பகிடி பண்ணுவீங்கள். அவளுக்குப் பயமில்லை, முதலிலை டொக்டர் விடேல்லை, பிறகு நான் விடேல்லை. பார்ட்டியிலை வைன் வேண்டாம் எண்டால், விரதம் எண்டு சொல்லுவாள். அந்த விரதமெல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. ஒவ்வொரு பொய்யும் என்ரை வாயாலை வந்தது, அவள் சும்மா திருப்பிச் சொன்னவள். கலியாண எழுத்துக்கு முதல்நாள், அம்மா நான் மிதுனனோடை பத்து நிமிஷம் தனியக் கதைக்கப்போறன் எண்டு வெளிக்கிட்டவள். அறைக்குள்ளை வைச்சுப் பூட்டினனான். இந்த முறையும் அங்கை வைச்சு உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தவள். செத்துப்போவன் எண்டு வெருட்டி நான்தான் மறிச்சனான். மாமாவுக்கும் இதெல்லாம் விருப்பமில்லை, ஆனால் அந்த மனுசன் எனக்கு முன்னாலை வாய் திறந்தால்தானே.

அதாலை ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. போனைத் திருப்பி வாங்கின உடனை எடுங்கோ, எத்தினை மணித்தியாலம் ஏசினாலும் கேட்டுக்கொண்டு நிப்பன். உங்கடை அம்மாவுக்கும் நானே எழுதுறன். இனி இந்த ஊரிலை ஆர் என்ன விசாரிச்சாலும் விசாரிக்கட்டும்.

ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். இவளோடை வாழ ஏலாது எண்டு உங்களுக்குப் பட்டால், அதை இண்டைக்கு அவளுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குச் சொல்லுங்கோ. கிடைக்கிற பிளேனிலை வந்து கூட்டிக்கொண்டு போறன். ஆனால் நான் வந்து சேருமட்டும் அவளைத் தனிய விடாதேங்கோ. கதைக்க மனமில்லாட்டில் கதைக்கவேண்டாம். முகத்தைப் பார்க்க மனமில்லாட்டில் பார்க்கவேண்டாம். பக்கத்திலை மட்டும் நில்லுங்கோ தம்பி.

இப்படிக்கு,
பொய் சொல்லி உங்களுக்குப் பெண் தந்த மாமி,
புனிதவதி