முதலில் சிரிப்பவள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னித்துக்கொள். போனை எடுத்தேன், உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையாவது பேசிவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் சந்தைக்குத்தான் வரப்போகிறோம் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றிப்பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். வண்டி நின்ற பிறகுதான் வாசல் வளைவைப் பார்த்தேன். அவருடைய அம்மா கடை கடையாக நின்று தேனை நக்கிப் பார்த்தார், ஊறுகாயை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் வாங்கவில்லை. கூடைக்கடை வரிசைக்குத் திரும்பியதும் கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நீ நிமிர்ந்தாய். உதடு பிரிந்தது. பிறகு, "வாங்க மேடம், கையில எடுத்துப் பாருங்க. பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டேன்" என்றாய்.

பழக்கதோஷம், கூடையைக் கவிழ்த்து அடிமுடிச்சைப் பார்த்துவிட்டேன். அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்தது. "படிச்ச பொண்ணுன்னா படிச்ச பொண்ணுதான், என்ன விவரம் பாரு!" என்று அவர் அம்மா மெச்சினார். உன் கையைப் பிடித்து, பிரம்பு கிழித்த தழும்புகளை எல்லோருக்கும் காட்டினார். "படிக்காம விட்டா இப்படித்தான்." அப்போதும் நீ காட்டிக்கொடுக்காமல் அடுத்த கூடையை எடுத்து நீட்டினாய்.

அவர் நம்மைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்து, "அட, ரெண்டு பேருக்கும் சிரிச்சா ஒரே கன்னத்துல குழி விழுது!" என்றாரே, எனக்கு உயிர் போய் வந்தது.

ரொம்ப நன்றி அக்கா.

உன் தங்கை


மார்ச் 9

அடி சுண்டெலி,

அக்காவுக்கு எதற்கடி நன்றி? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி நீ வந்து நின்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நம் பழைய சந்தை விளையாட்டுதானே? கட்டிலுக்கடியில் அம்மாவின் கூடைகளைப் பரப்பிவைத்து, நீ பணக்கார மேடம், நான் கடைக்காரி. முதலில் சிரிப்பவள் தோற்றாள். இத்தனை படித்தும் அதை மறக்கவில்லையே நீ!

பக்கத்துக் கடலைக்காரி, "யாருடி அது, உன்னை உரிச்சு வச்ச மாதிரி?" என்றாள். "புது வாடிக்கைடி" என்று சாதித்துவிட்டேன். படம் எடுக்கும்போதுதான் தாங்க முடியாமல் சிரித்துத் தொலைத்தேன். நீதான் ஜெயித்தாய், போ.

மாப்பிள்ளை நல்ல மாதிரி. நீங்கள் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு தனியாகத் திரும்பி வந்து, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கூடை சொல்லிவிட்டுப் போனார். எல்லார் கையிலும் கூடை போன பிறகு, "இது எங்கக்கா பின்னினது" என்று நீ போட்டு உடைக்கப்போகிறாய். அப்போது உன் மாமியார் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும்!

நீலப் புடவை ஒன்று எடுத்திருக்கிறேன். மேடையில் உனக்கு எந்தப் பக்கம் நிற்கட்டும்? விரலுக்கு இப்போதிருந்தே எண்ணெய் தடவுகிறேன். அன்றைக்குள் தழும்பு கொஞ்சம் மங்கிவிடும்.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. நீலம் உனக்கு எடுப்பாக இருக்கும். எண்ணெய் தடவுவதை விட்டுவிடாதே.

இங்கே வேலையெல்லாம் நல்லபடியாக நடக்கிறது. என் பேராசிரியரும் அவர் மனைவியும் பெண் வீட்டார் இடத்தில் நிற்கிறார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்று பேச்செடுத்த அன்றே சொல்லியாகிவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதே.

அந்தப் படத்தை அவர் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அவர் அம்மா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறார். நேற்று, "கூடைக்காரி உனக்கு ஏதாவது சொந்தமா?" என்று கேட்டே விட்டார். "போங்க அத்தை, என்னைப் போய் அவளோட சேக்கறீங்களே" என்றேன். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நீ நினைத்தது சரிதான் அக்கா, அது விளையாட்டுதான். இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

கூடைகளை யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று எழுத நினைத்தேன். ஆனால் படத்தில் இருக்கும் அக்காவுக்குத் தன் கையால் சாப்பாடு போட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். வராவிட்டால் சந்தைக்கே தேடி வந்துவிடுவார். அதனால் வா. மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறது. நீலப் புடவை வேண்டாம், கடையில் கட்டுவதே போதும். மறுபடியும் அவர் நம்மைச் சேர்த்து நிறுத்துவார், அதை என்னால் தடுக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் சுண்டெலி

பி.கு. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் படம் எடுக்கும்போது நீ சிரிக்காதே. இந்த ஒரு தடவை நீ ஜெயித்துவிடு அக்கா.