கொழுப்பைக் கண்டால் தெரியும் உனக்கு

அக்கா,

இன்று காலை பரணிலிருந்து உன் பித்தளைக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் அதன் வயிற்றில் விழுந்த நசுங்கல் போகாது. போகவும் வேண்டாம்.

குழாய் பழுதான அந்தக் கோடையில் நம் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் ஒருத்தி குடத்துத் தண்ணீர் இன்னொருத்தி புடவையில் தெறித்தது. அவ்வளவுதான், இருவரும் குடத்தை ஓங்கிவிட்டார்கள். நீ உன் குடத்தைக் குறுக்கே நீட்டினாய். அடி அதில் விழுந்தது. “தண்ணிதானடி தெறிச்சுது, திராவகமா?” என்றாய். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

அடுத்த வாரம் நீயே ஒரு சண்டையை மூட்டிவிட்டதையும் மறைக்க மாட்டேன். குவார்ட்டர்ஸ் முழுக்க உனக்குச் சண்டைக்காரி என்றுதான் பெயர். “யாருக்குக் கொழுப்புன்னு பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடும்டி. நீ சும்மா பாத்துகினு நில்லு” என்பாய்.

என் பேத்தி, மழைக்காலத்தில் இழுப்பு வந்தால் உன் தோளில் சாய்ந்து மூச்சுவிட்ட அந்தப் பிள்ளை, இப்போது சென்னையில் அந்த இழுப்பைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நான் ஐந்தாவது படித்தவள், எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று உட்கார வைத்தேன். “ஒண்ணுமில்லாத தூசிய எதிரின்னு நெனச்சு உடம்பு போடற சண்டை ஆயா இது” என்றாள். ரத்தத்தில் கொஞ்சமே கொஞ்சம் செல்கள் இருக்கின்றனவாம். பெயர் இயற்கைக் கொல்லி டி செல். மற்ற டி செல்கள் புரதத்தை அடையாளம் காணும், இவை கொழுப்பை அடையாளம் காணும். பார்த்ததும் மற்ற செல்களுக்குச் சேதி விடும். ஒரு சேதி சண்டையை மூட்டும், இன்னொன்று அடக்கும். எப்போது எது என்பதைத்தான் அவள் தேடுகிறாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரைச் சொல்கிறாள் அக்கா?

போன மாதம் ஆராய்ச்சிக் கூடத்து எலிகள் ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு மறுபடி இழுப்பு வந்தது. உடனே அவள் அப்பன், என் மகன், படிப்பை விட்டுவிட்டு வரட்டும், முத்தாண்டிக்குப்பத்தில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று ஆரம்பித்தான். அவளோ அதற்குள், எலியைத் தொடாமல் மனிதர்கள் கொடுக்கும் ரத்தத்திலேயே அந்தச் செல்லைப் பார்க்கத் தன் பேராசிரியரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் குறுக்கே நின்றேன். “எலிய விட்டாச்சுடா. படிப்ப எதுக்கு விடணும்? என்னை அஞ்சாவதோட நிறுத்தினப்பவும் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னாங்க.”

“இந்த வயசுல உனக்கு இவ்ளோ கொழுப்பு ஆகாதும்மா” என்றான்.

“இது உன் பெரியம்மா குடுத்துட்டுப் போனது” என்றேன்.

நேற்று அவளைப் பண்ருட்டி வரை கூட்டிப்போய் நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம், மகன் வரச் சொல்லிவிட்டானாம். வரட்டும். மரியாதையாக உட்கார வைத்து, அவள் படித்து முடிக்கும்வரை கல்யாணப் பேச்சு இல்லை என்று நானே சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுப்பேன். உன் குடத்திலிருந்துதான். நசுங்கல் அவர்கள் பக்கம் பார்த்தபடி இருக்கும்.