தேதியும் கிழமையும்

தாராவி
சனிக்கிழமை

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மழை விட்டதும் அப்பாவின் இருமலும் விட்டுவிட்டது, லைப்சிக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வேலையை உன் கைக்கு வாங்கிக்கொள்வாய், அதனால்தான் கடிதம். தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும், மெதுவாகவே வாசி.

கோயிலில் நீ வைத்துவிட்டுப் போன மணிப்பெட்டியைப் பற்றித்தான் விஷயம். பங்கார் கடையில் பழைய இரும்போடு கிடந்ததை நீ தூக்கிவந்து துடைத்து எடுத்த கம்ப்யூட்டர், காலை மதியம் மாலை என்று ஸ்பீக்கரில் ஜெப மணி அடிப்பதில் ஒரு நாளும் தவறியதில்லை. போன மாதக் கடைசியில் ஃபாதர், முதல் வெள்ளி ஆராதனைக்கு மாலை ஐந்து மணிக்குப் பெரிய மணி வேண்டும் என்றார். நீ சொல்லிக்கொடுத்தபடி, குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுகிற அந்தக் கிரான் புரோகிராமில் நானே ஒரு வரி எழுதினேன். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடம், அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை. தேதிக்கு ஒன்று முதல் ஏழு என்றும் கிழமைக்கு வெள்ளி என்றும் போட்டேன், முதல் ஏழு நாளுக்குள் வருகிற வெள்ளி முதல் வெள்ளிதானே. உனக்கும் அனுப்பினேன், நீயும் சரி என்றாய்.

இந்த மாதம் செவ்வாய்க்கிழமை பிறந்தது. அன்றைக்கே ஐந்து மணிக்குப் பெரிய மணி அடித்தது. ஆராதனை இல்லாத நாளில் பெரிய மணி கேட்டால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், யார் தவறியது என்று கேட்டுக்கொண்டு சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது. கால் முறிந்து மாடியில் படுத்திருக்கிற தெரசம்மாள் அக்கா ஜன்னல் வழியாக, "ஏட்டி ஜாக்குலின், யாருக்கு மணி? நான் இன்னும் இருக்கேம்ட்டி!" என்று சத்தம் போட்டார். புதன்கிழமையும் அடித்தது. கோயில் கமிட்டித் தலைவர் தனசீலன் அண்ணன் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தினம் ஒரு ஆளக் கொன்னா பங்குல ஆளு மிஞ்சாது பாத்துக்கோ. உம் பிள்ள ஜெர்மனில இருந்து வந்து சரிபண்ணுமா? இந்த வெள்ளி அடிக்கணும், அடுத்த வெள்ளி அடிக்கப்பிடாது. அடிச்சிதுன்னா, பொட்டி வந்த பங்கார் கடைக்கே போவும், ஆமா" என்றார்.

நீ அங்கிருந்தே நெட் வழியாகப் பெட்டிக்குள் வந்து மாற்றிவிடுவதாக மெசேஜ் போட்டாய், நான் தொடாதே என்றேன். கோபம் என்று நினைத்திருப்பாய், அது இல்லை. உனக்குப் பரீட்சை நேரம். அதோடு அண்ணன் கிண்டலாகக் கேட்டாலும் அது சரியான கேள்வி. நீ தொட்டால்தான் சரியாகும் என்றால் அது கோயில் மணி இல்லை, உன் மணி.

அந்த வரியை நிறுத்திவைத்துவிட்டு, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து கிரானின் உதவிப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன். எப்போதும் தேவையான இடத்துக்குத் தாவிவிடுவேன், இந்த முறை தாவவில்லை. தப்பு ஒரு சின்ன உம்மில் இருந்தது சுனிதா. நாம் தேதியும் கிழமையும் பொருந்த வேண்டும் என்று நினைத்து எழுதுகிறோம், அது தேதியோ கிழமையோ என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் குறித்துவிட்டால் எது பொருந்தினாலும் ஓடும். அப்படியானால் முதல் ஏழு நாளும் அடிக்கும், பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அடிக்கும். ஆகவே தேதியை மட்டும் வைத்துக்கொண்டு கிழமை இடத்தில் எதுவானாலும் சரி என்று நட்சத்திரம் போட்டேன், வேலையின் தொடக்கத்தில் இன்று வெள்ளியா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் அடிக்கச் சொன்னேன். கையால் ஓட்டினால் ஓடியது, கிரானில் ஓடவில்லை. கிழமையைக் கேட்கிற இடத்தில் வருகிற சதவீதக் குறிக்கு முன்னால், கிரானில் மட்டும் ஒரு பின்சாய்கோடு வேண்டுமாம், அதையும் கண்டுபிடித்தேன்.

முதல் வெள்ளி அடித்தது. சனியும் ஞாயிறும் அடிக்கவில்லை. நேற்று இரண்டாவது வெள்ளி. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் தனசீலன் அண்ணன் ஏணியும் ஸ்க்ரூடிரைவருமாக வந்து ஸ்பீக்கருக்குக் கீழே நின்றார். சந்தில் தையல் மெஷின்களைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஐந்து அடித்து முடிய வேண்டிய நேரமும் தாண்டிப் போயிற்று, ஒரு சத்தமும் இல்லை. மாடி ஜன்னலிலிருந்து தெரசம்மாள் அக்காதான், "என்னட்டி, இன்னைக்கு ஒருத்தரும் சாவலியா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் ஏணியில் ஏறி, ஆடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் திருகாணியை இறுக்கிவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இன்று காலை இன்னொரு வேலையும் செய்தேன். நீ அங்கிருந்து பெட்டிக்குள் நுழைய வைத்திருந்த சாவியை அழித்துவிட்டேன். இனி எது தப்பாக அடித்தாலும் நான்தான் போய் உட்காருவேன். இங்கே ஏதாவது நின்றுவிடுமோ என்று நீ பாடப் புத்தகத்துக்கு நடுவில் போனைப் பார்க்க வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, பிரெட்டையே தின்று நாளை ஓட்டாதே, காதை மூடி வெளியே போ. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

வீட்டுச் சாவி ஒன்று உன் சிவப்புப் பையில் இருக்கிறது. அது பத்திரம்.

உன் அம்மா,
ஜாக்குலின்