எழுதாதே என்று கண் காட்டினேன்

உத்திரமேரூர்,
18.7.2004

அன்பு மகள் சாய்ராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் நலம். ஏரியில் தண்ணீர் இல்லை, மத்தியானத்தில் கரண்டு இல்லை, என் வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

புதன்கிழமை உன்னைப் பார்க்க வந்தபோது, "காலிப் பெட்டி எதுக்கு அத்தா?" என்று கேட்டாய். சரக்கு எடுக்க என்றேன். பொய். உன் துணிமணியை அடுக்கி, உன்னைக் கையோடு அழைத்துவரத்தான் வந்தேன். சாமுவேல் சார் தன் பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை வைத்திருந்தார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டார். அம்மாவும், "காது கேக்காதவங்களுக்கு எய்திக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பா? பொண்ணு வூட்டாண்டயே இருக்கட்டும், இட்டுக்கினு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள். எனக்கும் அதே நினைப்புதான். காதில் விழுவதைத் தாளில் இறக்குவதில் என்ன பெரிய வித்தை? எட்டாவது படித்த நானே செய்வேனே!

அன்று உனக்குப் பரீட்சை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நீ கேட்டு அடிப்பதற்காகப் பேச வரவேண்டியவர் வரவில்லை. வராந்தாவில் குந்தியிருந்த என்னைப் பார்த்து உங்கள் அபிநயா மேடம், "நீங்க பேசறீங்களா?" என்றார். சந்தையில் மைக் பிடித்துப் போர்வை விற்கிறவனைக் கேட்கிற கேள்வியா அது?

மார்க் போடுகிறவர் வேதகிரி சார் என்றார்கள். காது அறவே கேட்காது. கண்ணும் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுதான். நீ தட்டத் தட்டக் கம்ப்யூட்டரில் கறுப்பின் மேல் மஞ்சளாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு எழுத்து ஓடியது. அவர் திரையில் மூக்கு உரச அதைப் படித்தார்.

மகள் தோற்றுவிடக் கூடாதே என்று சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினேன். அவர் திரும்பி உரத்த குரலில், "இன்னா பாய், சேத்துல கால் வெக்கிற மாதிரி கீது பேச்சு? சந்தையில பேசறாப்பல வுடுங்க!" என்றார்.

அவ்வளவுதான். போனால் வராது, பொழுது போனால் கிடைக்காது என்று ஆரம்பித்தவன் என்னையே மறந்தேன். தினம் சொல்கிற வசனமும் தானாக வந்து விழுந்தது. "இதைத் தலையோட போத்திக்கினு படும்மா, மாமியா கத்தறது காதுலயே வுழாது!"

சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். எழுதாதே என்று உனக்குக் கண் காட்டினேன். பெற்ற பெண், அப்பன் மானத்தைக் காப்பாற்றுவாய் என்று நம்பினேன். நீ ஓர் எழுத்து விடாமல் அடித்தாய். அது போதாதென்று அதன் கீழே, "பேசுபவர் நாக்கைக் கடிக்கிறார். எழுதாதே என்று எனக்குக் கண் காட்டுகிறார்" என்றும் அடித்தாய். கையில் ஒரு போர்வை இருந்திருந்தால் நானே தலையோடு மூடிக்கொண்டிருப்பேன்.

அவர் மூக்கு அந்த வரியின் கடைசிவரை மெல்ல நகர்ந்தது. உன் பரீட்சையை நானே கெடுத்தேன் என்று நினைத்தேன். பிறகு அந்த மனிதர் அறை அதிரச் சிரித்தாரே! "பாய், நான் எம் மாமியா குரலக் கேட்டதே இல்ல. எனக்குப் போர்வை தண்டச் செலவு!" என்றார்.

சிரித்து ஓய்ந்து என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்ல எல்லாரும் சிரிப்பாங்க. இன்னான்னு கேட்டா, ஒண்ணுமில்ல, அப்பறம் சொல்றேம்பாங்க. அந்த அப்பறம் இதுவரிக்கும் வரல. உங்க பொண்ணு உங்க கண்ஜாடையக்கூட எனக்குக் குடுத்துட்டா" என்றார்.

சாய்ரா, வாயால் பிழைக்கிறவன் நான். என் பேச்சு இருட்டுக்குள் இருக்கிற ஒருவரிடம் போய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன். நடுவில் உன் விரல்கள். அப்பன் என்று எனக்கு ஒரு சொல் குறைக்கவில்லை, அவருக்கும் ஒன்றை மறைக்கவில்லை. அதற்கு உன்மேல் கோபப்படுவதா, எழுந்து நின்று சலாம் வைப்பதா என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து டி.வி. செய்தியை எழுதிப் பார்த்தேன். வணக்கம் எழுதி முடிப்பதற்குள் வானிலை வந்துவிட்டது.

நான் தனியாக வந்ததைப் பார்த்து அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு எங்க?" என்றாள். நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினேன். சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாஷ்டாகூடச் செய்யாமல் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்து, "சாமுவேல் சாராண்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்ட்டேன்" என்றாள். உன் பாயை வெயிலில் போட்டாள், தட்டினாள், பழையபடி சுருட்டி வைத்தாள்.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதுவதன் அடியில் இரண்டு வரி போதாது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், பெரிய எழுத்தாக இடம் விட்டு எழுது. நான் படித்துக் காட்டினால் நடுவில் என் சரக்கையும் சேர்த்துவிடுவேன், அவளே படிக்கட்டும். நலம், சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்திவிடாதே. ஒரு நாளில் எந்த நேரத்தில் அவளை நினைத்துக்கொள்கிறாய் என்று எழுது.

அல்லாஹ் உன் விரல்களுக்குச் சோர்வில்லாத வலுவைத் தருவானாக.

துஆவுடன்,
உன் அத்தா
அத்தாவுல்லா