பவுனக்காவோட கோழிக்கால் குறி

என் தங்கமே பவுனக்கா,

எங்க இருக்கியோ, அங்கயாச்சும் ஈரமில்லாம இருக்கியா? நம்ம ரெண்டு பேரு ஆயுசுல பாதி ஈரத்துலயே போச்சு. நான் சொல்லச் சொல்ல என் மவ மலரு எழுதுறா. "பெரியம்மாவுக்கு லெட்டர்னா எந்த அட்ரஸுக்கும்மா போடுறது?"ன்னு கேட்டா. "நீ எழுதுடி, அவ படிச்சுக்குவா"ன்னு சொல்லிட்டேன். அப்பறம்தான் நெனப்பு வந்துச்சு, எனக்கு எழுத வராத மாதிரியே உனக்குப் படிக்க வராதே.

நீலசந்திராவுல எல்லாரும் சௌக்கியம். உன் கோழி இப்ப எங்க வீட்டுலதான் கெடக்குது. போன வாரம் ஆட்டோ சீட்டுல ஏறி உக்காந்துக்கிச்சு. டிரைவரு, "ஏம்மா, இது எங்க போவணும், மீட்டர் போடவா?"ங்கறான். நீ இருந்தா ஊரோட அந்தக் கோடியில இருக்குற மல்லேஸ்வரம்னு சொல்லி அவனையும் அழ வெச்சிருப்ப. இரு, கோழி கதை கெடக்கட்டும். அதோட காலு இந்தக் கதையில வருது.

உனக்கு நெனப்பு இருக்கா? கம்பெனியில நம்மள எல்லாம் சேர் போட்டு உக்கார வெச்சாங்களே, அந்த நாளு. ஆஸ்பத்திரிப் படுக்கைத் துணி வெளுக்குற பொம்பளைங்களுக்கு சேர் போட்டா பயம் வருமா வராதா? வேலைய விட்டு அனுப்பப் போறாங்கன்னு நான் நெனச்சேன். வெளியிலேர்ந்து வந்தவங்க சோத்துல வெளிச்சம் அடிச்சு, படிக்கட்டுப் படம் காட்டுனாங்க. மலரு, சோத்துல இல்லடி, செவுத்துல. திருத்து. நான் உன்ன இடிச்சு, "மாடி கட்டப் போறாங்களாக்கா?"ன்னு கேட்டேன்.

மொதலாளி எழுந்து சொன்னாரு, அஞ்சு வருசத்துல இந்த ஊரு பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் நம்மள நம்பி துணி குடுக்கணும், அதான் நம்ம குரின்னு. கன்னடத்துல குரின்னா போய்ச் சேர வேண்டிய எடமாம். நம்ம காதுல குறின்னு விழுந்துச்சு. சரசு சும்மா இருப்பாளா? "ஏங்க்கா, ஐயா குறி சொல்றாரா? என் புருசன் எப்ப திருந்துவான்னு கேளேன்"னா.

நீ சிரிக்கல. நீ நெனச்சது வேற குறி. துணி மாறிப் போவாம இருக்க வெளுக்குறவங்க ஓரத்துல போடுவாங்களே, அது. எழுந்து நின்னு கேட்ட பாரு: "குறிய எங்க போடணும் சார்?" மேனேஜர் நாகராஜ் சாரு சிரிச்சுக்கினே, "மனசுல வெச்சுக்கோம்மா"ன்னாரு. அதுக்கு நீ, "மனசுல வெச்சா மொத அலசுலயே போயிடும் சார். மூட்டையில போடுறோம்"னு சொன்ன.

எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளே நீ பழைய துணியக் கிழிச்சு மூட்டைக்கு ஒரு துண்டு கட்டிட்ட. சரசு சுடுதண்ணி ஏறுனத பாத்துட்டு ஒரு புள்ளி. டிரையர்லேர்ந்து எடுக்குற நானு, முழங்கை வரைக்கும் கைய உள்ள விட்டு, நடுத் துணி காஞ்சிருக்கான்னு பாத்துட்டு ஒரு கோடு. மடிக்கிற பாத்திமா கறை பாத்துட்டு ஒரு வட்டம். எங்களுக்கெல்லாம் கறுப்பு மார்க்கர். வாசல்ல நீ. நீயும் ஒருவாட்டி கைய விட்டுப் பாத்துட்டு, உன் பச்சை மார்க்கர்ல ஒரு கோழிக்கால் கீறுவ. அது இல்லாம ஒரு மூட்டையும் வண்டியேறாது.

படிக்கட்டுப் படம் காட்டுனவங்க திரும்ப வந்து மாசக்கணக்கா என்னென்னவோ எழுதுனாங்க. ஆனா அந்த அஞ்சு வருசக் கனவு எங்க நடந்துச்சு? எங்க முழங்கையில நடந்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு ஆஸ்பத்திரிங்க வந்துச்சு. பொறந்த கொழந்தைங்க வார்டு துணியக்கூட நம்மகிட்ட குடுத்தாங்க.

மாசியில நீ கொழாயடியில நெஞ்சப் புடிச்சுக்கினு உக்காந்த. எழுந்திரிக்கல. கல்பள்ளி இடுகாட்டுல உன்ன வெச்சப்ப, அந்தப் பச்சை மார்க்கர உன் கையில நாந்தான் சொருகுனேன். மூடிய இறுக்கமா மூடித்தான் சொருகுனேன்க்கா. மண்ணத் தள்ளுனதையும் நின்னு பாத்தேன்.

காரியம் முடிஞ்சு வேலைக்குப் போனோம். "வாசல்ல யாராச்சும் நில்லுங்கம்மா"ன்னாரு சாரு. உன் எடத்துல நிக்க யாருக்கும் காலு வரல. அதப் பேசிக்கினு இருக்கும்போதே வண்டிக்காரரு மூட்டைய ஏத்த ஆரம்பிச்சுட்டாரு. "ஏங்க, குறி இல்லாம ஏத்தாதீங்க"ன்னேன். "கண்ணு தெரியலையாம்மா? இருக்குதே"ன்னாரு.

இருந்துச்சு. பச்சையில. நடுவெரலு கொஞ்சம் நீண்டு, பின்வெரலு மடங்கி. தொட்டுப் பாத்தேன், என் வெரல்ல ஒட்டுச்சு. எல்லா மூட்டையிலயும் இருந்துச்சு. சரசு செஞ்சிருப்பான்னு நான் நெனச்சேன். நான் செஞ்சேன்னு சரசு நெனச்சாளாம். பாத்திமா ரெண்டு பேரையும் நெனச்சாளாம். யாரும் யாரையும் கேக்கல. கேட்டா பதில் வந்துடுமேன்னு பயம்.

ஒருநாள் மட்டும் நான் ஒரு மூட்டையில கைய விட்டுப் பாத்தேன். டிரையர்லேர்ந்து அப்பத்தான் வந்தது, கை பொசுங்குற சூடு. ஆனா நடுவுல ஒரு எடம் மட்டும் ஜில்லுனு இருந்துச்சு. ஒரு கை போவுற அகலம். முழங்கை வரைக்கும்தான் ஜில்லு, அதத் தாண்டுனா சூடு. எனக்கு முன்னாடியே ஒரு கை உள்ள போயி வந்திருக்குது. மத்தியானம், ஜன்னலெல்லாம் வெயிலு, மிஷினெல்லாம் சத்தம் போடுது. நான் மட்டும் கைய முந்தானையில சுத்திக்கினு நிக்கிறேன்.

அதுக்கப்பறம் நான் கைய விடல. பயத்துல மொதல்ல விடல. அப்பறம் என்னான்னா, பழக்கமாயிடுச்சு. பவுனக்கா பாக்குறா இல்ல, நம்ம எதுக்குப் பாக்கணும்? கோட்ட மட்டும் இழுத்துட்டுப் போயிடுவேன். சரசு தண்ணி ஏறுமுன்னயே புள்ளி வெச்சுடுவா. பாத்திமா பிரிச்சுக்கூட பாக்காம வட்டம் போட்டுடுவா. ஆவணி வரைக்கும் இப்படியே ஓடுச்சு. ஒரு புகாரு இல்ல. நாகராஜ் சாரு, "உங்க லைன் சூப்பரும்மா"ன்னு கை தட்டுனாரு. செத்தவ ஒருத்தி வேலை செய்ய, உசுரோட இருக்குற நாங்க குறி போட்டுக்கினு இருந்தோம்.

போன செவ்வாக்கெழம. கொழந்தைங்க வார்டு மூட்டை ஏழு. வண்டி நிக்குது. ஆறுல கோழிக்கால் இருக்குது, ஏழாவதுல இல்ல. புள்ளி இருக்கு, என் கோடு இருக்கு, வட்டம் இருக்கு. உன்னுது இல்ல.

"மறந்திருப்பா"ன்னு சரசு மெதுவாச் சொன்னா. அப்பத்தான் மொத தடவையா நாங்க உன்னப் பத்தி வாய்விட்டுப் பேசுனது.

"ஏனாயித்து, என்ன ஆச்சு? வண்டி ஏன் நிக்குது?"ன்னு சாரு ஓடி வந்தாரு. "ஜல்தி ஏத்துங்கம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். இந்த மூட்டைக்கு என்ன, மூணு குறியும் இருக்குதே. போதும்."

நான் சும்மா இருந்திருந்தா அது போயிருக்கும். எனக்கு இந்த வேலையத் தவிர என்ன இருக்குது, உனக்கே தெரியும். மலரு காலேஜு ரெண்டாவது வருசம். கைய உள்ள விட்டேன். ஈரம்க்கா. ஜில்லு இல்ல, ஈரம். கொழகொழன்னு, புளிச்ச வாடை. பொறந்து ஒரு நாளு ஆன கொழந்தையச் சுத்துற துணி.

"அந்தக் கோடு பொய் சார்"னேன். "எந்தக் கோடு?"ன்னாரு. "என் கோடு. நான் கை விட்டுப் பாக்காமலே இழுத்தது. இன்னிக்கு மட்டும் இல்ல, ஆறு மாசமா."

அவரு என்னப் பாத்தாரு, மூட்டையப் பாத்தாரு. அவரே கைய விட்டாரு. சட்டைக் கையி நனைஞ்சு போச்சு. அப்பறம் சரசு, "என் புள்ளியும் அப்படித்தான் சார்"னா. பாத்திமா அழுவ ஆரம்பிச்சுட்டா. ஏழு மூட்டையையும் எறக்கி மறுபடி வெளுத்தோம். வண்டி மூணு மணி நேரம் லேட்டு. ஆஸ்பத்திரியில அவரைக் கூப்ட்டு வெச்சுப் பேசுனாங்க.

மறுநாள் என்ன உள்ள கூப்ட்டாரு. சீட்டு கிழிஞ்சுதுன்னு நெனச்சுத்தான் போனேன். "முனியம்மா, இனி வாசல்ல நீ நில்லு. கடைசிக் குறி நீ போடு"ன்னாரு. வேணாம் சார்னேன். கடைசியா ஒருத்தி பாப்பான்னு இருந்ததாலதான நாங்க மூணு பேரும் குருடாப் போனோம்? கடைசிக் குறியே வேணாம், அவங்கவங்க குறிக்கு அவங்கவங்க கை சாட்சின்னு சொன்னேன். சரின்னாரு. இப்ப துண்டுல மூணு குறிதான். உன் எடத்த எடுத்துட்டோம்க்கா. கோச்சுக்காத.

அன்னியிலேர்ந்து பச்சை வரல. ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. அந்த ஏழாவது மூட்டைய நீ பாக்காம விட்டியா, இல்ல பாத்துட்டுத்தான் விட்டியா? எங்களுக்குப் புத்தி வரட்டும்னா, இல்ல கை ஓஞ்சு போச்சா? அத்தினி மாசமா அங்கேர்ந்து தெனம் எப்படி நடந்து வந்த?

இதான் என் சத்தியம்: என் கை முழங்கை வரைக்கும் போவாத துணியில என் கோடு விழாது. நீ அலைய வேணாம், படுத்துத் தூங்கு. நான் சொன்னது காதுல விழுந்துச்சுன்னா, விழுந்துச்சுன்னு எனக்குக் காட்டாத. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன், பவுனக்கா, ஒரு அடையாளமும் காட்டாத.

உன் சின்ன ஓரகத்தி,
முனியம்மா